மேக நிழலும் ஒரு துறைமுகமும்



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சார், நீங்க ஹிஸ்டரி ஆளு, கல்வராயன்மலை ஜாகிர்தார்களைப் பத்தி எழுதிக் கொடுங்க" என்றுதான் கேட்டார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து பேனாவை எடுத்தால் வேறொன்று வந்து முன்னால் நிற்கிறது. நம் கல்லூரியில் வரலாற்றுத் துறை வகுப்பறையின் கிழக்குச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? கடலும், படகுகளும், கற்கரைகளுமாக, கிட்டப்போய்ப் பார்த்தால் வெறும் புள்ளிகளாக இருக்குமே, அந்தப் படம். அதன் வரலாற்றை எழுதாமல் வேறெதையும் எழுத மனம் வரவில்லை. ஜாகிர்தார்கள் பொறுத்துக்கொள்ளட்டும். கட்டுரை முடிவதற்குள் அவர்களும் வந்துவிடுவார்கள்.

ஒரு கேள்வியும் ஒரு சிரிப்பும்

1980களின் தொடக்கம். நம் ஊர் அப்போது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993இல், கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019இல். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் போக வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததே அந்த மாதிரி ஏதாவது சர்டிபிகேட் வேலையாகப் போனபோதுதான்.

ஐரோப்பிய வரலாறு நடத்திய எங்கள் பேராசிரியர் படம் காட்டிப் பாடம் நடத்துகிறவர். எங்கிருந்தோ கொண்டுவந்த வண்ண அச்சுப்படம் ஒன்றை ஒருநாள் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். உயரமான ஒரு பாறைமேட்டிலிருந்து கீழே பார்ப்பதுபோன்ற காட்சி. முன்னால் புல். அதற்கப்பால் துறைமுக வாயில், அலையைத் தடுக்கும் கற்கரைகள். கடலில் வெள்ளைப் பாய்மரங்கள். ஆனால் கடல்மீது ஆங்காங்கே கரும் நீலத்தில் முட்டை வடிவத்தில் சில திட்டுகள்.

"இந்தத் திட்டு என்ன? சொல்லுங்கடா பார்க்கலாம்" என்றார் சார்.

ஒருவன் தீவு என்றான். ஒருவன் பாறை என்றான். கடலூர் முதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன், "மீன் கூட்டம் சார், மேலேருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்றான். கடல்புரத்துக்காரனே சொல்லிவிட்டான், அதற்குமேல் யார் வாய் திறப்பது?

கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு குரல். "சார், அது மேகத்தோட நெழல் சார்."

சொன்னவன் கல்வராயன்மலையிலிருந்து வந்தவன். அவன் ஊரிலிருந்து கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள். அவன் கடலைப் பார்த்ததே இல்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன் என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

சார் சிரிக்கவில்லை. "எப்படிச் சொல்ற?" என்றார்.

"மலை மேல நின்னு பார்த்தா கீழ வயக்காட்டு மேல இப்பிடித்தான் சார் போவும். ஒண்ணொண்ணா நவுந்து போவும். மேகம் சின்னதா இருந்தா நெழலும் முட்டை மாதிரி இருக்கும்."

சார் கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இந்தக் கிளாஸ்ல ஒருத்தனாவது பார்த்தானே" என்றார். அந்தத் திட்டுகள் மேக நிழல்கள்தாம். படம் வரைந்தவனும் மலையிலிருந்து பார்ப்பவன்போல உயரத்தில் நின்று பார்த்துத்தான் வரைந்திருக்கிறான். தரையில் நடக்கிற எங்களுக்கு நிழல் தலைமேல் வந்து போகும், அவ்வளவுதான். அதற்கு ஒரு வடிவம் உண்டென்பது மேலே நிற்பவனுக்குத்தானே தெரியும்?

யார் வரைந்தது?

படத்தின் பெயர் 'போர்-ஆன்-பெசான், துறைமுக வாயில்'. பிரான்சின் வடக்கே நார்மண்டிக் கடற்கரையில் உள்ள சின்ன மீன்பிடித் துறைமுகம் அது. வரைந்தவர் ஜார்ஜ் சேரா. ஆண்டு 1888. மூலப்படம் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரொம்பப் பெரிய படம் என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 55 சென்டிமீட்டருக்கு 65 சென்டிமீட்டர். நம் வீட்டு நாள்காட்டி அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.

சேரா 1859 டிசம்பர் 2ஆம் தேதி பாரிசில் பிறந்தவர். அங்கே அரசின் கலைப்பள்ளியில் படித்தார். 1884இல் அவர் வரைந்த குளியல் காட்சிப் படத்தை அரசு ஆதரவு பெற்ற 'சலோன்' கண்காட்சியின் நடுவர்கள் ஏற்க மறுத்தார்கள். இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சேர்ந்து அதே ஆண்டு 'சுயேச்சை ஓவியர் சங்கம்' தொடங்கினார்கள். நடுவர் கிடையாது, பரிசும் கிடையாது என்பதே அந்தச் சங்கத்தின் கொள்கை. யார் வேண்டுமானாலும் படம் மாட்டலாம்.

அங்கேதான் பால் சின்யாக்கும் சேராவும் நண்பர்கள் ஆனார்கள். சின்யாக் 1863இல் பிறந்தவர், படகுப் பைத்தியம். வாழ்நாளில் முப்பதுக்கு மேற்பட்ட படகுகள் வைத்திருந்தவர். 1886இல் சேரா 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்' என்ற பெரும் படத்தைக் காட்சிக்கு வைத்தார். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், முழுக்கப் புள்ளிகளும் சின்னஞ்சிறு தீற்றல்களும். பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள்! பெலிக்ஸ் பெனெயோன் என்ற விமர்சகர் மட்டும் ஊன்றிப் பார்த்து, இது மோனே முதலானோரின் இம்ப்ரெஷனிசத்துக்கு அடுத்த படி என்று சொல்லி, 'நியோ-இம்ப்ரெஷனிசம்' என்று அதே ஆண்டு பெயர் சூட்டினார்.

குளிர்காலம் முழுதும் பட்டறையில் இப்படிப்பட்ட பெரும்படங்களோடு மல்லுக்கட்டிய சேரா, கோடை வந்தால் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். களைத்த கண்ணைக் கழுவிக்கொள்ளத்தான். 1885இல் கிராங்கான், 1886இல் ஓன்ஃப்ளர், 1888இல் போர்-ஆன்-பெசான், 1889இல் லெ குரோத்வா, 1890இல் கிராவ்லீன். எல்லாம் கடலோர ஊர்கள். போர்-ஆன்-பெசானில் மட்டும் ஆறு படங்கள். ஒரே துறைமுகத்தை நீர் ஏறியபோது ஒன்று, நீர் வடிந்தபோது ஒன்று, பாலத்தருகே நின்று ஒன்று, மேட்டில் நின்று ஒன்று என்று சுற்றிச் சுற்றி வரைந்திருக்கிறார்.

இதற்கெல்லாம் முன்னோட்டமாகச் சிறு மரப்பலகைகளில் வண்ணக் குறிப்பு எடுப்பது அவர் வழக்கம். ஒரு பலகை சுமார் 16 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், நம் நோட்டுப்புத்தக அளவுதான். பலகையைப் பெட்டி மூடிக்குள் செருகி, நின்ற இடத்திலேயே ஒளியைப் பிடித்துவிடுவார். 1890இல் கிராவ்லீன் கடற்கரையில் அப்படி எடுத்த பலகை ஒன்று லண்டன் கோர்ட்டோல்டு காட்சிக்கூடத்தில் இருக்கிறது. மணல், ஒரு கோடாகக் கடல், அதற்குமேல் வானம். வேறொன்றும் பெரிதாக இல்லை. ஒளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதைத் தவிர வேறெதையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

நெசவாளி சொல்லிக் கொடுத்த பாடம்

ஏன் புள்ளி? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது, கவனியுங்கள்.

பாரிசில் கோபலான் என்ற அரச நெசவுச்சாலை. 1824இல் அதன் சாயப்பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷேல் எழேன் ஷெவ்ரல் என்ற வேதியியலார். வந்தவுடன் ஒரு புகார். "உங்கள் கறுப்புச் சாயம் சரியில்லை. நீலம், ஊதாவுக்குப் பக்கத்தில் வைத்து நெய்தால் கறுப்பு சோபையற்றுப் போகிறது." அவர் சோதித்துப் பார்த்தார். மற்ற ஊர்ச் சாயத்தோடு ஒப்பிட்டார். கறுப்பு நூலில் ஒரு குறையும் இல்லை! பக்கத்தில் நின்ற நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. ஒரு நிறம் தன்னருகே இருப்பதன்மேல் தன் எதிர் நிறத்தின் சாயலை ஏற்றுகிறது. நீலத்தருகே நிற்கும் கறுப்பில் மஞ்சள் வாடை அடிக்கிறது. இதை விரிவாக ஆராய்ந்து 1839இல் பெரும் நூலாக வெளியிட்டார். ஷெவ்ரல் 1889 வரை, 102 வயது வாழ்ந்தார். அவர் நூலைத்தான் சேரா வரி வரியாகப் படித்தார்.

நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னால், "இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்பார்கள். அரக்குப் புடவைக்குப் பச்சைக் கரை எடுப்பாக இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லித் தந்தது? சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் எதிர் நிறங்கள். கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டினால் இரண்டுமே பளிச்சென்று தெரிவதும் இதனால்தான்.

'மயில்கழுத்து' நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீல நூலும் பச்சை நூலும் தறியில் கலப்பதில்லை, தனித்தனியாகத்தான் ஓடுகின்றன. பார்க்கிற கண்ணில்தான் கலக்கின்றன. அதனால்தான் புடவை அசைந்தால் நிறமும் அசைகிறது. சேரா துணியில் தூரிகையால் செய்ய முயன்றதும் இதுதான். வண்ணங்களைத் தட்டில் குழைக்காமல் தனித்தனிப் புள்ளியாக வைத்தார். கலக்கும் வேலையைப் பார்க்கிறவர் கண்ணுக்கு விட்டுவிட்டார்.

பம்பரம் விட்டவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். பாதி நீலம், பாதி மஞ்சள் பூசிய பம்பரத்தைச் சுழற்றினால் என்ன நிறம் தெரியும்? எல்லோரும் பச்சை என்பீர்கள். இல்லை, சாம்பல்! சாயத்தைக் குழைத்தால்தான் பச்சை. ஒளி கண்ணில் கலந்தால் வேறு கணக்கு. மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1850களில் வண்ணப் பம்பரங்களை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டார். அமெரிக்கர் ஆக்டன் ரூட் 1879இல் எழுதிய நூல் வழியாக அது சேராவின் கைக்கு வந்தது. நம் சிறுவர்கள் கையில் எப்போதும் இருந்த பம்பரம்தான், கணக்குப் போட்டவர் வேறு ஆள்.

துறைமுகத்தில் ஒளி

இப்போது படத்துக்கு வருவோம். எங்கள் சார் எங்களை வரிசையில் நிற்கவைத்து, ஒருமுறை பத்தடி தள்ளி, ஒருமுறை அரையடி நெருங்கிப் பார்க்கச் சொன்னார்.

தள்ளி நின்றால் வெயில் காயும் கடல். நெருங்கினால் கடலில் நீலம் மட்டும் இல்லை. பச்சை இருக்கிறது, ஊதா இருக்கிறது, நடுநடுவே செம்மஞ்சள் பொட்டுகள். செம்மஞ்சளுக்குக் கடலில் என்ன வேலை? அது வெயில். நீர்மேல் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியின் நிறம். நிழல் விழுந்த முட்டை வடிவங்களில் அந்தப் பொட்டு குறைகிறது, நீலமும் ஊதாவும் கூடுகின்றன. நிழல் என்றால் கறுப்பு அல்ல என்பதே அந்த ஓவியர்கள் கண்ட பெரிய உண்மை. நிழலுக்குள்ளும் வானத்தின் ஒளி இறங்குகிறது. வைகாசி மத்தியானத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்மேல் விழும் வேப்பமர நிழலைப் பாருங்கள். கறுப்பா அது? லேசான நீலம்!

சேரா பிற்காலத்தில் படத்தின் ஓரத்திலேயே புள்ளிகளால் ஒரு கரை தீட்டத் தொடங்கினார். உள்ளே மஞ்சள் ஒளி என்றால் அதைத் தொட்ட கரையில் நீலம் கூடும். புடவைக்குக் கரைபோலப் படத்துக்கும் கரை! 1890இல் வரைந்த கிராவ்லீன் மாலைக் காட்சியில் விளக்குக்கம்பமும் இரண்டு நங்கூரங்களும் அந்தி ஒளியில் நிற்கின்றன. ஆள் அரவமே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 1891 மார்ச் 29இல், சில நாள் காய்ச்சலில் சேரா இறந்துபோனார். வயது 31. இரண்டு வாரத்தில் அவருடைய கைக்குழந்தையும் இறந்தது.

சின்யாக் தெற்கே சேந்த்-துரோபே என்ற மீன்பிடித் துறைமுகத்துக்குப் படகிலேயே போய்ச் சேர்ந்தார். நண்பன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1899இல் இந்த முறைக்கு ஒரு நூலும் எழுதினார். 1929 முதல் 1931 வரை பிரான்சின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி ஏறத்தாழ நூறு ஊர்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். 1935இல் மறைந்தார்.

நம் அவுரியும் அவர்கள் துறைமுகமும்

"பிரெஞ்சுக்காரன் துறைமுகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அவுரி பயிரான முக்கியமான மாவட்டங்களில் நம் தென்னாற்காடும் ஒன்று. அவுரியை ஊறவைத்து எடுத்த நீலச்சாயம் நம் வண்டிப்பாதைகள் வழியே கடற்கரைக்குப் போனது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாண்டிச்சேரியில் கரு நீலமாகச் சாயமேற்றிய பருத்தித் துணிக்கு 'கினே' என்று பெயர். அந்தத் துணி கப்பலேறிப் பிரான்சு போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே அது பணம்போல் செல்லுபடியானது. அதைக் கொடுத்துப் பிரெஞ்சு வணிகர்கள் வாங்கியது கருவேல இனத்து மரத்தின் பிசின். நீர்வண்ணத்தைத் தாளில் பிடித்துவைக்கும் பசை எது தெரியுமா? அதே வகைப் பிசின்தான்!

நம் மண்ணில் விளைந்த நீலம் துணியாகி, துணி பிசினாகி, பிசின் ஐரோப்பாவின் வண்ணப்பெட்டிக்குப் போன வழி இது. சேரா வரைந்தவை சின்ன மீன்பிடித் துறைமுகங்கள்தாம், அங்கே நம் துணி இறங்கவில்லை. ஆனால் பிரான்சின் பெருந்துறைமுகங்களில் இறங்கிய மூட்டைகளில் நம் பக்கத்து உழவனின் வியர்வையும் இருந்தது. 1897இல் ஜெர்மனி செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் நம் அவுரி வயல்கள் மெல்ல மறைந்தன. 'நீலம்' என்ற சொல் மட்டும் வண்ணான்துறையில் கொஞ்சநாள் தங்கியிருந்தது.

வெளுத்துப்போன மஞ்சள்

வரலாறு எழுதுகிறவன் வெற்றியை மட்டும் எழுதக்கூடாது. புள்ளி முறைக்கும் தோல்விகள் உண்டு.

புள்ளிகள் கண்ணில் கலந்தால் ஒளி கூடும் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். உண்மையில் கூடுவதில்லை. சராசரிதான் கிடைக்கும். எதிர் நிறப் புள்ளிகள் மிகச் சிறிதானால் பம்பரக் கணக்குப்படி சாம்பல் பூத்துவிடும். புள்ளி கொஞ்சம் பெரிதாக, கலந்தும் கலவாமலும் இருக்கும்போதுதான் படம் மினுங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட சின்யாக் பிற்காலத்தில் கல்பதித்த தரைபோலப் பெரிய பெரிய தீற்றல்களுக்கு மாறினார். மூத்தவரான கமீய் பிசாரோ சில ஆண்டுகள் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, கை கட்டிப்போட்டதுபோல் இருக்கிறதென்று 1890வாக்கில் விட்டுவிட்டார்.

இன்னொரு வருத்தம். கிராந்த் ஜாத் படத்தில் சேரா பூசிய துத்தநாக மஞ்சள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிட்டது. 1892லேயே பெனெயோன் அந்தப் படத்தின் ஒளி போய்விட்டதென்று வருந்தி எழுதினார். ஒளிக்காகவே உயிரைக் கொடுத்தவன் படத்தில் ஒளி முதலில் போயிற்று! 2004இல் சிகாகோ அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியின்போது, அது முதலில் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் மீட்டுக் காட்டினார்கள். மூலப்படத்தை இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

நம் வகுப்பறைப் படத்துக்கும் இதே கதிதான். வெயில் ஜன்னல் வழியே பட்டுப் பட்டு, முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு சிவப்பு. நாங்கள் மூன்றாமாண்டு முடிக்கும்போது படம் முழுக்க நீலமாக இருந்தது. அச்சுப்படமும் புள்ளிகளால் ஆனதுதான். இந்த மலரின் வண்ண அட்டையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்று நாலே மைப்புள்ளிகள். அவற்றில் சில மைகள் வெயில் தாங்காது.

கடல் ஏன் நீலம்?

சேரா கடலில் இத்தனை நிறத்தைக் கண்டார், சரி. கடலுக்கு நீலம் எங்கிருந்து வந்தது? வானம்தான் அதில் தெரிகிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். அதைக் கேள்வி கேட்டவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி.ராமன். 1921இல் இங்கிலாந்து சென்று 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பும்போது, நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவியால் நீர்மேல் பிரதிபலிக்கும் வான ஒளியை வெட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் குறையவில்லை, கூடத்தான் செய்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். அந்த வழியே போய்த்தான் 1928இல் ராமன் விளைவும் 1930இல் நோபல் பரிசும் வந்தன. நீர் சிவப்பொளியை உறிஞ்சிவிடுவதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று அறிவியல் சொல்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் கல்வராயன்மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? நடுவில் இருக்கும் காற்று நீலத்தைச் சிதறடிப்பதால்தான். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைக்குப் பக்கத்தில் போனால் அதே மலை பச்சை. எங்கள் மலைக்கார நண்பன் அடிக்கடி சொல்வான்: "நீங்கதான்பா மலைய நீலம்ங்கறீங்க. எங்களுக்கு உங்க ஊருதான் நீலம்."

மேலே போனவன்

அவனைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும்.

சுமார் 2000 அடியிலிருந்து 3000 அடி உயரம் வரை பரந்து கிடப்பது கல்வராயன்மலை. அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான், கேரளத்து மலையாளிகள் அல்லர். சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என மூன்று ஜாகிர்களின்கீழ் தலைமுறை தலைமுறையாக இருந்தது அந்த மலை. அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது 1976இல்தான். யோசித்துப் பாருங்கள், நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து! அதற்கு ஐந்தாறு ஆண்டுக்குள் ஒருவன் மலையிறங்கி வந்து டிகிரி வகுப்பில் உட்கார்ந்தான் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

அவன் இரண்டாமாண்டோடு நின்றுவிட்டான். உதவித்தொகைக்குச் சாதிச் சான்று வேண்டும். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தான். இந்த ஊரில் இல்லை அந்த ஊரில் கேள் என்றார்கள். அந்த ஊரில் அடுத்த வாரம் வா என்றார்கள். சான்று வரவில்லை, விடுதிப் பாக்கி ஏறியது. ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்களில் ஒருவராவது கூடப்போய் அந்த அலுவலக வாசலில் நின்றோமா? இல்லை. அன்று அவனைப் பார்த்துச் சிரித்ததைவிட இதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

பல ஆண்டு கழித்து கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். தலைச்சுமையாகக் கடுக்காய் மூட்டை. நான் தயங்கித் தயங்கிப் பேசினேன். அவன் சகஜமாகக் கேட்டான். "அந்தப் படம் இன்னும் இருக்காப்பா?"

எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கல்லூரிக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

போன ஆடியில் வெள்ளிமலைக்குப் போனேன். வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தி, கீழே பார்த்தேன். கரும்பு வயல், மரவள்ளி வயல், அணையின் தண்ணீர். அவற்றின்மேல் முட்டை முட்டையாக நிழல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அறுபது வயதில்தான் எனக்கு அது தெரிந்தது. அவனுக்குப் பதினெட்டு வயதில் தெரிந்திருந்தது.

ஒரு வேண்டுகோள்

இந்நாள் மாணவர்களே! கலை என்பது பாரிசுக்காரன் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பார்க்கிற கண் இங்கேயும் உண்டு. உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது மெல்லிய குரலில் எதையாவது சொன்னால், சிரிப்பதற்குமுன் "எப்படிச் சொல்ற?" என்று கேளுங்கள். எங்கள் சார் கற்றுத்தந்ததில் அதுதான் எனக்கு மிஞ்சியது.

முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, அந்தத் துறைமுகப் படத்தின் நல்ல அச்சு ஒன்றை வாங்கி, இந்தமுறை வெயில் படாத மேற்குச் சுவரில் மாட்டுங்கள். செலவு என்னுடையது. இரண்டாவது, மலையிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளுக்குச் சான்று, உதவித்தொகை என்று அலைய நேர்ந்தால் கூடப்போய் நிற்க நம்மில் நாலுபேர் பெயர் கொடுக்க வேண்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

படம் மாட்டிய அன்று நான் மலையேறிப் போய் அவனை அழைத்து வருகிறேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.